எனக்கும் அவகாசமுண்டு

பொள்ளாச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியவன் நான். வருஷத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் ஒரு மரம் வரைவேன். அடிமரத்தில் தமிழ், கிளைகளில் மலையாளம், கன்னடம், தெலுங்கு. "மலையாளம் புரியலைன்னு ஒரு தமிழன் சொல்லப்படாது. பாதி நம்ம சொல்லு, மீதி வடசொல்லு. ரெண்டும் தெரிஞ்சவனுக்கு அகராதி எதுக்கு?" என்று முழங்குவேன். பையன்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பி வாங்கிக்கொண்டது பதினோரு சென்ட் இடம்.

ஓய்வு பெற்றதும் என் மனைவி, பிறந்த ஊர்ப் பக்கமே போய்விடலாம் என்றாள். அவள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று பெயரைப் பார்த்தாலே யார் குடியேறிய ஊர் என்று தெரியும். பேச்சு கோயமுத்தூர்த் தமிழ், பஞ்சாயத்து கேரளத்துடையது. நாங்கள் பார்த்த ஓட்டு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்தால் செல்போனில் கேரளத்து டவர் வரும், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர் வரும். இரண்டு பலா, ஆறு தென்னை, கோடையிலும் வற்றாத கிணறு. அந்த வறண்ட பக்கத்தில் வற்றாத கிணறு என்றால் மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்பது போல. விலை பேசி முடித்தோம்.

அன்றைக்கு ராத்திரி லண்டனிலிருந்து தம்பி மகள் கூப்பிட்டாள். அவளும் அப்போதுதான் அங்கே வீடு வாங்கியிருந்தாள்.

"பெரியப்பா, உங்க சொலிசிட்டர் யாரு?"

"எதுக்கு கண்ணு, நான் யாரையும் வெட்டலையே?"

இங்கிலாந்தில் வீடு கைமாற வேண்டுமானால் அதற்கென்றே சொலிசிட்டரோ, லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சரோ இருப்பார்களாம். பத்திரம் பார்ப்பது, முனிசிபாலிட்டியில் விசாரிப்பது, சாக்கடை எங்கே போகிறது, கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறதா என்று தேடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்கத்தில் பழைய தேவாலயம் இருந்தால் அதன் ஒரு பகுதியை ரிப்பேர் செய்துகொடுக்கிற கடமை இந்த மனைக்கு உண்டா என்றுகூடத் தேடுவார்களாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வார்விக்‌ஷயர் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதி, தேவாலய ரிப்பேர் செலவை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று பிரபுக்கள் சபை வரைக்கும் போய் 2003-இல் தோற்றிருக்கிறார்கள். "என் சொலிசிட்டர் எல்லாத்தையும் பாத்துட்டார் பெரியப்பா" என்றாள். ஆள் எப்படி என்று கேட்டேன். இதுவரை நேரில் பார்த்ததே இல்லையாம், எல்லாம் ஈமெயில்தானாம்.

முகமே பார்க்காமல் வீடு வாங்க நம் உடம்பு ஒத்துக்கொள்ளாது. எனக்குத் தெரிந்த முகம், பொள்ளாச்சியில் வக்கீலாக இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். நேரே அவரிடம் போனேன். "பட்டா, சிட்டா, வில்லங்கம் மூணையும் எடுத்துக்கிட்டு வா, அரைநாள் வேலை" என்றார். அதை அப்படியே வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். சிட்டா என்றதும் அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் வில்லங்கத்துக்குப் பெயர் குடிக்கடம். "குடிக்கட சர்ட்டிபிக்கேட் வேணும்" என்று அவர் சொன்னபோது, "நமக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணனின் சட்ட ஞானம் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. கேரளத்து வீட்டைக் கேரளத்தில்தான் பதிய வேண்டும், அங்கே பழக்கமுள்ளவர்தான் எழுத வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். காபிக்கு மட்டும் நான் காசு கொடுத்தேன்.

அங்கே இந்த வேலைக்கு ஆதாரமெழுத்து என்று பெயர். நமக்குப் பத்திரம், அவர்களுக்கு ஆதாரம். பத்திர எழுத்தர் ஆதாரமெழுத்துக்காரர் ஆகிறார். லைசென்ஸ் உண்டு. சப்-ரிஜிஸ்திரார் ஆபீசைச் சுற்றி வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள். கிரயப் பத்திரத்துக்குத் தீறாதாரம் என்று பெயர். முதலில் கேட்டபோது 'தீராத ஆதாரம்' என்றே என் காதில் விழுந்தது. அது காதின் கோளாறு இல்லை, ஜோசியம் என்று பின்னால் தெரிந்தது.

முதலில் நான் நுழைந்த கடையின் பலகை தமிழில் இருந்தது. அது போதும் எனக்கு. உள்ளே மேசைமேல் பிள்ளையார், பிளாஸ்க்கில் டீ, கோவைப் பதிப்பு நாளிதழ். எழுத்துக்காரர் எழுந்து நின்று "வாங்க சார்" என்றார். எழுந்து நின்றவரை எப்படிச் சந்தேகப்படுவது? அவர் கேட்டது இரண்டே கேள்விகள். எத்தனைக்குப் பேசியிருக்கீங்க, எத்தனைன்னு எழுதணும். இரண்டுக்கும் ஒரே பதில்தானே என்றேன். "சார் வாத்தியாரா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

விஷயம் இதுதான். கேரளத்தில் முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் 2. ஆகப் பத்து ரூபாய் சர்க்காருக்கு. 2010-இலிருந்து ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் சர்க்கார் ஒரு நியாயவிலை வைத்திருக்கிறது, அதற்குக் கீழே எழுத முடியாது. அந்த நியாயவிலைக்கும் நாம் பேசிய விலைக்கும் நடுவில் கிடக்கிற வெளியில்தான் பல எழுத்துக்காரர்கள் விவசாயம் பண்ணுகிறார்கள். "பேப்பரெல்லாம் பாக்க வேண்டாமா?" என்றேன். "வீட்டுக்காரரை எனக்குத் தெரியும் சார். புதன்கிழமை நல்ல நாள், அன்னைக்கே பதிஞ்சுடலாம்" என்றார். ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

மனைவிக்கு நிறையவில்லை. அவள் உள்ளேயே வராமல் எதிர்ச் சாரியில் இன்னொரு எழுத்துக்காரரின் பெஞ்சுப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங், அந்தக் கடையில ஏழெட்டுப் பேரு குந்தியிருக்கறாங்க. வெளிய வர்றவங்க அத்தனை பேரும் திட்டிக்கிட்டே போறாங்க. ஒரு ஆளு அரைமணி நேரத்துல மூணு வாட்டி வந்துட்டாரு, மூணு வாட்டியும் திட்டறாரு. ஆனா வேற கடைக்குப் போக மாட்டேங்கறாரு பாருங்க."

நல்ல எழுத்துக்காரரைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த வழியை இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.

அந்தக் கடைக்காரர் அறுபது வயதுப் பெண்மணி. சேச்சி என்றே ஊர் முழுக்கக் கூப்பிடுகிறது. மூக்குக்கண்ணாடிக் கயிறு, மேசையில் ஒரு மரஸ்கேல், சுவரில் கட்டணப் பலகை. எழுந்து நிற்கவில்லை. "மாஷே, முன்னாதாரம் எவிடெ?" என்றார். நான் வாத்தியார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து முடிப்பதற்குள் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். முன்னாதாரம் என்றால் இதற்கு முந்தைய பத்திரம். அதற்கும் முந்தையது, அதற்கும் முந்தையது என்று வேர் வரைக்கும் வேண்டுமாம்.

வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையை இறக்கினார். உள்ளே கற்பூர வாசத்தோடு நாலாக மடித்த கெட்டிக் காகிதம். மடிப்புகளில் எழுத்து உதிர்ந்து, விளிம்பை எலி பதம் பார்த்திருந்தது. வருஷம் கொல்லம் 1118. எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் 1943. இந்த ஊர் அடங்கிய சித்தூர் தாலுகா அப்போது கொச்சி ராஜ்யம். ஒட்டியிருந்த பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார், நடுவில் இது மட்டும் கொச்சி ராஜாவுடையது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லாம் கேரளமாயிற்று, ஆனால் காகிதங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஒரு மைல் தள்ளிப்போனால் நிலப் பதிவின் பரம்பரையே வேறு. சேச்சி அந்தக் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்து, ஸ்கேலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். கைரேகை இருந்த இடத்தில் நிறுத்தி, "இது மூத்தவளோட விரல், இளையவளோட ஒப்பு இல்லை" என்றார். எண்பது வருஷத்துக்கு முந்தைய கட்டைவிரலை, நேற்றுப் பார்த்த முகம் மாதிரி சொன்னார். நல்லவேளை, இளையவளின் பங்கு அடுத்த ஆதாரத்தில் தீர்ந்திருந்தது.

இரண்டாம் தடவை கரம் அடைத்த ரசீது கேட்டார். கையை எதற்கு அடைக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். கரம் என்றால் நிலவரி. ரசீதில் தண்டப்பேர் நம்பர் இருக்க வேண்டும், வாங்கின பிறகு உங்கள் பெயரும் தண்டப்பேரில் ஏறும் என்றார். நம் பட்டா எண் மாதிரி ஒன்று. எங்கப்பா என் பெயரை ஏழாம் வகுப்பிலேயே தண்டப்பேரில் ஏற்றிவிட்டார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ரசீதைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஷே, பின்னால் மூணு சென்ட், அது நிலமோ புரையிடமோ?"

"நிலம்தாங்க. பின்ன ஆகாசமா?"

பேனாவை மூடி வைத்துவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நானிலம் பிரித்த மரபில் வந்தவன் நான். கேரள வருவாய்த் துறை அதில் மருதத்தை மட்டும் நிலம் என்று வைத்துக்கொண்டு, வீடு கட்டக்கூடிய மேட்டையெல்லாம் புரையிடம் என்று எழுதிவிட்டது. அங்கே நிலம் என்றால் நெல்வயல். 2008-ஆம் வருஷ நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அதை மண் போட்டு மூடக்கூடாது, இஷ்டத்துக்கு வீடு கட்டக்கூடாது. கண்ணுக்குத் தென்னந்தோப்பாக இருக்கலாம், முப்பது வருஷமாக ஒரு நெல்மணி விளையாமல் இருக்கலாம், ரசீதில் நிலம் என்று இருந்தால் நிலம்தான். நெல்வயல்களின் டேட்டா பேங்க் பட்டியலில் இருக்கிறதா என்று கிருஷி பவனில், அதாவது வேளாண்மை ஆபீசில், போய்ப் பார்க்கச் சொன்னார் சேச்சி. பேங்க் என்றதும் லோன் ஞாபகம் வந்து கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். பட்டியலில் இருந்தால் 5-ஆம் நம்பர் பாரம், பட்டியலில் இல்லாமல் ரசீதில் மட்டும் நிலம் என்று இருந்தால் 6-ஆம் நம்பர் பாரம், 2018 திருத்தத்துக்குப் பின் வந்த முறை. அப்போது இரண்டும் ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் மூன்று சென்டுக்கு 6-ஆம் நம்பர்.

ஐநூறு ரூபாய் வாங்கிய பிள்ளையார் கடைக்காரர் பதினோரு சென்டையும் புரையிடம் என்று ஒரே வரியில் எழுதி புதன்கிழமை முடித்திருப்பார். பதிவாகியும் இருக்கலாம். பிறகு வில்லேஜ் ஆபீசில் பெயர் மாற்றப் போகும்போது கல்லில் முட்டிக்கொண்டு நின்றிருப்பேன். சேச்சி எட்டு சென்ட் புரையிடம் 3.24 ஆர், மூன்று சென்ட் நிலம் 1.21 ஆர் என்று பிரித்து எழுதினார். சென்டை ஆராக மாற்றுகிற கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நிலம் என்று தெரிந்ததால் வீட்டுக்காரரிடம் விலையும் குறைந்தது.

மூன்றாம் தடவை அவர் கேட்டது அனந்தராவகாச சர்ட்டிபிக்கேட். தமிழாசிரியர் உடனே பதம் பிரித்தார்: அனந்தம் என்றால் முடிவில்லாதது, அவகாசம் என்றால் நேரம். முடிவில்லாத நேரம். அரசாங்க ஆபீசில் கொடுக்கிற சர்ட்டிபிக்கேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று நினைத்துச் சிரித்தேன். ஏன் சிரிப்பு என்று சேச்சி கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவகாசம்னா நேரம் இல்லை மாஷே. பாத்தியதை. பங்கு. இறந்துபோன அப்பாவுக்கு வாரிசு ஆரெல்லாம்னு அதுல இருக்கும்."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பத்து நாள் முந்தி விலை பேச வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆலத்தூரில் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரரின் தங்கை வந்திருந்தார். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனிக்கும் அவகாசமுண்டு" என்றார். அந்தம்மாவுக்கும் அவசரமில்லை போலிருக்கிறது, எவ்வளவு பண்பு என்று உருகி, நான் முகமெல்லாம் மலர, "எங்களுக்கும் அவகாசமுண்டுங்க! நிதானமாப் பண்ணிக்கலாம்!" என்றேன். அண்ணன்காரர் முகம் செத்துப்போயிற்று. தங்கை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தன் அப்பாவுக்குப் பொள்ளாச்சியில் இன்னொரு குடும்பம் இருந்ததோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த வீட்டில் விசாரணை நடந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் சேச்சி சிரித்தார் பாருங்கள். மரஸ்கேல் கீழே விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். திட்டிக்கொண்டே மூன்று தடவை வந்தாரே, அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தங்கைக்குப் பங்கு இருந்தது உண்மைதான். அதைத் தீர்க்க அவரிடம் ஒழிமுறி எழுதி வாங்க வேண்டும் என்றார் சேச்சி. நம்மூரில் இதை விடுதலைப் பத்திரம் என்போம். அதையே அங்கே ஒழி, முறி என்று மண்ணை வாரித் தூற்றுகிற தோரணையில் சொல்கிறார்கள். ஜெயமோகன் எழுதி மதுபால் இயக்கி 2012-இல் இதே பெயரில் ஒரு மலையாளப் படம் வந்தது. அதில் அது விவாகரத்து முறி. அண்ணனும் தங்கையும் பங்கைப் பேசித் தீர்க்க இருபது நாள் ஆயிற்று. அதுவரை எங்களுக்கு நிஜமாகவே அவகாசம் இருந்தது.

நடுவில் என் மச்சினன் வந்தான். இடுக்கி மாவட்டத்தில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஏலக்காய் வியாபாரம். "மாமா, உங்களுக்கு நிலமா புரையிடமாங்கறதுதான் வம்பு. எங்க பக்கம் பட்டயம் நிசமா பொய்யாங்கறதே வம்பு" என்றான். மலைப்பக்கம் கதையே தனி, அங்கே பட்டயம் என்றால் சர்க்கார் நிலத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். மூணாறு மலைகளை 1877-இல் பூஞ்சார் ராஜா மன்றோ என்கிற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டதில் ஆரம்பிக்கிற சிக்கல் அது. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்க ஒரு சட்டம் வந்தது. 1999-இல் தேவிகுளத்தில் துணைத் தாசில்தாராக இருந்த ரவீந்திரன் கையெழுத்தில் பட்டயங்கள் போயின. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி, 2022 ஜனவரியில் 530 பட்டயங்களை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. 'ரவீந்திரன் பட்டயம்' என்று ஒரு சொல்லே மலையாளத்துக்குக் கிடைத்தது. 2007-இல் அச்சுதானந்தன் மூணாறு ஆக்கிரமிப்பை இடிக்க அனுப்பிய மூன்று அதிகாரிகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் பூனைகள். கறுப்போ வெள்ளையோ, எலி பிடித்தால் சரி என்றாராம் முதலமைச்சர்.

மச்சினன் தேவிகுளம் தாலுகாவில் காட்டேஜ் கட்ட இருபது சென்ட் பார்த்திருந்தான். அவனுடைய எழுத்துக்காரர் பட்டயத்தைப் புரட்டி, எந்த வருஷம், யார் கையெழுத்து, எதற்காகக் கொடுத்தது என்று மூன்றே கேள்வி கேட்டாராம். விவசாயத்துக்கும் குடியிருக்கவும் கொடுத்த மண்ணில் காட்டேஜா என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "எழுதிக் குடுத்திருந்தா அவருக்குப் பீஸ் வந்திருக்கும். வாங்காதேன்னு சொன்னதுக்கு ஒரு ரூபா வாங்கலை மாமா. ஒரு கிலோ ஏலக்காய் குடுத்தேன், அதையும் வாங்கலை." அந்த ஏலக்காய்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

பதிவு நாள் வந்தது. வீடு மனைவி பெயரில். சேச்சி ஆதாரத்தை உரக்கப் படித்தார். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், இம்முறை சந்தேகம் வந்தால் கேட்டுக்கொண்டு. பாதியில் மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

"ஏனுங், என்ற பேரு வர்ற எடத்துல எல்லாம் 'டி', 'டி'ங்கறாங்க. நீங்ககூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

ஆதாரத்தில் எங்கு பார்த்தாலும் டி. டி வஸ்து, டி சர்வே நம்பர், டியாள். சேச்சியைக் கேட்டேன். 'மேப்படி' என்பதன் சுருக்கமாம். நம் மேற்படிதான்! தலையையும் உடம்பையும் விட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கரும்பலகை மரத்தில் கடைசியாக ஒரு இலை துளிர்த்தது. மனைவிக்கு விளக்கினேன். "சரி, வீடு என்ற பேர்லதானே? என்னமோ சொல்லிக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

அதோடு முடியவில்லை. பெயர் மாற்றுவதற்குப் போக்குவரவு என்று பெயர். வில்லேஜ் ஆபீசுக்கு நான்கு தடவை போய்வந்தபோது இது ஒன்றாவது நான் பிரித்த பொருளிலேயே இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. கேரளத்தில் 1969-ஆம் வருஷச் சட்டப்படி எல்லையோரத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுதலாம்தான், ஆனால் பாரத்தில் 'வஸ்து' என்று கேட்டிருக்கிற இடத்தில் நான் 'கிடையாது' என்று எழுதிவிட்டு வந்ததைச் சேச்சி பார்த்து, அடித்துத் திருத்தினார். அங்கே வஸ்து என்றால் சொத்து.

பீஸாகப் பலகையில் போட்டிருந்ததற்கு மேல் ஒரு காசும் வாங்கவில்லை. நானும் அவரைத் திட்டிக்கொண்டேதான் நாலைந்து தடவை வெளியே வந்தேன். பிள்ளையார் கடையில் கொடுத்த ஐநூறு ரூபாய் அங்கேயே இருக்கிறது. அவர் இப்போதும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

6-ஆம் நம்பர் பாரம் இன்னும் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. ரசீதுப்படி அந்த மூன்று சென்ட் நெல்வயல். போன வெள்ளிக்கிழமை அதில் தேங்காய் போட்டோம். நாற்பத்திரண்டு காய்.